மரக்குதிரையும் தாய்மாமனின் கணக்கும்

சுவருக்கும் காது உண்டு என்பது நம்மவர் வழக்கு. சுவருக்கு வாயும் உண்டு என்கிறது ஓர் ஆங்கிலச் சிறுகதை. டி. எச். லோரன்ஸ் 1926ஆம் ஆண்டு எழுதிய 'த ரொக்கிங் ஹோர்ஸ் வின்னர்' என்ற அந்தக் கதையில் ஒரு வீடு ஓயாது கிசுகிசுத்துக்கொண்டே இருக்கிறது. வீட்டிலுள்ள எவரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் பணம் போதவில்லை என்ற முறைப்பாடு படிக்கட்டிலும், பிள்ளைகளின் விளையாட்டறையிலும், கிறிஸ்மஸ் பரிசாக வந்த விலையுயர்ந்த பொம்மைகளுக்குப் பின்னாலும் கேட்டுக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, மற்றவருக்கும் அது கேட்கிறது என்று அறிந்துகொள்கிறார்கள்.

பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இருந்த காலத்தில் இக்கதையை முதன்முதலில் வாசித்தேன். பேராசை கொண்ட தாய் ஒருத்தி தன் மகனைப் பலிகொடுத்த கதை என்றே அன்று எல்லோரும் அதைச் சொன்னார்கள். இன்றும் பாடக்குறிப்புகளில் அப்படித்தான் இருக்கிறது. நாற்பது ஆண்டுகளை நெருங்கும் இடைவெளியில் பலமுறை திரும்ப வாசித்த பிறகு, அந்தத் தீர்ப்பு ஒரு பக்கத்துச் சாட்சிகளை மட்டும் விசாரித்து எழுதப்பட்டது என்ற எண்ணம் எனக்கு வலுத்துவிட்டது. கதைக்குள்ளேயே ஒரு கணக்குப் புத்தகம் விரிந்து கிடக்கிறது. அதன் வரவுப் பக்கத்தை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். கதையின் சிறுவனுக்கு ஆங்கிலத்தில் 'போல்' என்று ஒலிக்கும் பெயர். உவமை உருபோடு குழம்பாதிருக்க, நமது விவிலிய வழக்கைப் பின்பற்றிப் பவுல் என்றே எழுதுகிறேன். தோட்டத்தோடு கூடிய நல்ல வீடு, வேலையாட்கள், அயலாரிடம் மதிப்பு எல்லாம் அக்குடும்பத்துக்கு உண்டு. அந்த மதிப்புக்கு ஏற்ற வருமானம் மட்டும் இல்லை. தாய் ஹெஸ்டர், தன் கணவன் அதிர்ஷ்டமில்லாதவன் என்று மகனிடம் சொல்கிறாள். செல்வத்தோடு பிறப்பதைவிட அதிர்ஷ்டத்தோடு பிறப்பதே மேல், செல்வம் போய்விடலாம், அதிர்ஷ்டம் இருந்தால் மீண்டும் வரும் என்பது அவளது விளக்கம். நான் அதிர்ஷ்டசாலி என்று சிறுவன் அடித்துச் சொல்கிறான். தாய் நம்பவில்லை. அன்றிலிருந்து அவன் தன் பழைய மரக்குதிரையில் ஏறி வெறியோடு ஆடத் தொடங்குகிறான். ஆடி ஆடி ஒரு நிலைக்குப் 'போய்ச் சேர்ந்தால்', அடுத்த பந்தயத்தில் வெல்லப்போகும் குதிரையின் பெயர் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. தோட்டக்காரன் பசெட் அவனுக்காகப் பணம் கட்டுகிறான். தாயின் சகோதரன் ஒஸ்கார் கிரெஸ்வெல் பின்னர் கூட்டாளியாகிறான். பணம் குவிகிறது. கடைசியில் டேர்பி பந்தயத்துக்கு இரண்டு நாட்களுக்கு முன், நள்ளிரவில், குதிரையின் பெயரைக் கூவியபடி சிறுவன் மயங்கி விழுகிறான். அவன் சொன்ன குதிரை வெல்கிறது. அவன் இறந்துபோகிறான்.

சூதாட்டத்தைப் பற்றி நமக்கிருக்கும் கதைகள் பெரும்பாலும் தோல்வியின் கதைகள். தருமன் நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் தோற்றான். நளன் உடுத்த துணியோடு வெளியேறினான். தோற்றால் இப்படியாகும் என்பதே அவற்றின் எச்சரிக்கை. லோரன்ஸின் கதையில் சிறுவன் முக்கியமான ஒவ்வொரு கட்டத்திலும் வெல்கிறான். வென்றே அழிகிறான். இந்த நுட்பத்தை நம்மிடையே முதலில் கண்டவர் வள்ளுவர்தான். சூது அதிகாரத்தின் முதற் குறளிலேயே, வென்றாலும் வேண்டாம் என்கிறார். அந்த வெற்றி, தூண்டிலின் இரும்பை இரையென்று மீன் விழுங்கியதற்கு ஒப்பாகும் என்பது அவர் கருத்து. இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் ஒரே மீனை இருவரும் பார்த்திருக்கிறார்கள்.

இக்கதை பிறந்த வரலாறு சுவையானது. 1925 நவம்பர் முதல் 1926 ஏப்ரல் வரை லோரன்ஸ் இத்தாலியின் ஸ்பொட்டோர்னோ என்ற கடற்கரை ஊரில் வாழ்ந்தார். அவரது நெடுநாள் நண்பியான சின்தியா அஸ்குவித், பேய்க்கதைத் தொகுப்பு ஒன்றுக்குக் கதை கேட்டார். முதலில் எழுதிய கதை அத்தொகுப்பில் இடம்பெறவில்லை. அதற்குப் பதிலாகவே மரக்குதிரைக் கதை அனுப்பப்பட்டது. 1926இல் வெளிவந்த 'த கோஸ்ட் புக்' என்ற அத்தொகுப்பில் அது இருக்கிறது. ஆக, இலக்கிய மாணவர்கள் குறியீட்டுக் கதையாகப் படிக்கும் இது, பேய்க்கதையாகத்தான் கேட்டு வாங்கப்பட்டது. வழமையான பேய் எதுவும் அதில் இல்லை. பணத்தேவை ஒன்றே அந்த வீட்டைப் பிடித்த பேய்.

சின்தியாவின் குடும்பத்தை அறிந்தவர்களுக்கு அந்த வீட்டின் கிசுகிசுப்பு எங்கிருந்து வந்தது என்பதை ஊகிப்பது கடினமல்ல. அவர் வெமிஸ் பிரபுவின் மகள். போர்க்காலப் பிரதமர் எச். எச். அஸ்குவித்தின் இரண்டாவது மகனை மணந்தவர். ஒருபுறம் பிரபு வம்சம், மறுபுறம் பிரதமர் குடும்பம். கையிலோ காசில்லை. சகோதரர்கள் இருவர் 1915இலும் 1916இலும் போர்முனையில் இறந்தார்கள். கணவர் பீரங்கிப் படையில் இருந்து மனமொடிந்து திரும்பினார். பிரபுவின் மகள் 1918 முதல் நாடகாசிரியர் ஜே. எம். பரியின் செயலாளராகச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். அவரது பிறந்தகமான ஸ்டான்வே மாளிகையைக் கோடைகாலங்களில் அதே பரி வாடகைக்கு எடுத்தார். வளரவே மறுக்கும் பீட்டர் பான் என்ற சிறுவனைப் படைத்தவர் இவர்தான் என்பதை நினைக்க, வரலாறு சில வேளைகளில் புனைகதையைவிடத் துணிச்சலாக எழுதுகிறது என்று தோன்றுகிறது.

இது ஒரு குடும்பத்தின் நிலை மட்டுமல்ல. போருக்கு முன் பவுணுக்கு 1 ஷிலிங் 2 பென்ஸாக இருந்த வருமான வரி, போர் முடிந்த ஆண்டுகளில் 6 ஷிலிங்குக்கு ஏறியிருந்தது. மரணத்தின்பின் சொத்துக்கு விதிக்கப்படும் வரியும் உயர்ந்தது. பெருநிலங்கள் வரிசையாக விற்பனைக்கு வந்தன. உழைத்துப் பழகாத ஒரு வர்க்கம் தன் வெளித்தோற்றத்தை மட்டும் கைவிட முடியாமல் திணறிய காலம் அது. தோட்டக்காரனை நிறுத்த முடியாது. பிள்ளையை எட்டன் கல்லூரிக்கு அனுப்பாமல் இருக்க முடியாது. விருந்துகளுக்குப் போகாமல் இருக்க முடியாது. பசியால் அழும் வீட்டின் குரல் வேறு. லோரன்ஸின் தந்தை நொட்டிங்ஹாம்ஷயரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. பசியின் குரல் எப்படியிருக்கும் என்பது லோரன்ஸுக்குத் தெரியும். இந்தக் கதையில் அவர் பதிவு செய்தது அக்குரலை அல்ல. அயலாருக்கு முன் தலைகுனியக் கூடாது என்ற அச்சத்தின் குரலை.

ஹெஸ்டரும் சும்மா இருக்கவில்லை என்பதைக் கதையின் வாசகர்கள் மறந்துவிடுகிறார்கள். துணிக்கடை விளம்பரங்களுக்காக ரோமக் கம்பளி ஆடைகளையும் பட்டு உடைகளையும் அணிந்த பெண்களைத் தோழியொருத்தியின் ஓவியக்கூடத்தில் இருந்து வரைந்து கொடுக்கிறாள். தோழி ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் சம்பாதிக்கிறாள்; இவளுக்கோ சில நூறுகள்தான். பத்திரிகைக்காரனான எனக்கு இவ்விடத்தில் ஒரு சிரிப்பு எழுவதுண்டு. இக்கதை அமெரிக்காவில் முதலில் அச்சேறியது 'ஹார்ப்பர்ஸ் பஸார்' சஞ்சிகையில், 1926 ஜூலையில். சீமாட்டிகளின் உடைநாகரிகத்துக்கென்றே நடத்தப்பட்ட சஞ்சிகை அது. ஹெஸ்டர் எந்த வகை விளம்பரங்களுக்குப் படம் வரைந்தாளோ, அந்த வகை விளம்பரங்களால் வாழ்ந்த ஏட்டிலேயே அவள் வீட்டின் கதையும் வெளியானது.

அதே ஆண்டு மே மாதம் 4ஆம் திகதி முதல் 12ஆம் திகதி வரை பிரித்தானியாவில் பொது வேலைநிறுத்தம் நடந்தது. சுரங்கத் தொழிலாளரின் கூலிக்குறைப்பே அதற்குக் காரணம். ஜூன் மாதம் டேர்பி பந்தயம் வழமைபோல் நடந்தது. கொரோனாக் என்ற குதிரை வென்றது. பந்தயத்திலும் வர்க்க வேறுபாடு இருந்தது. 1906ஆம் ஆண்டுச் சட்டம் தெருவோரத்தில் பந்தயப்பணம் வாங்குவதையும் கொடுப்பதையும் குற்றமாக்கியது. கடன்கணக்கு வைத்திருக்கும் கனவான் தொலைபேசியிலோ தந்தியிலோ எவ்வளவும் கட்டலாம். சில்லறைக் காசோடு மூலையில் நிற்கும் தொழிலாளியைப் பொலிஸ் பிடிக்கும். அந்த ஆண்டு நிதியமைச்சராக இருந்த வின்ஸ்டன் சேர்ச்சில், நவம்பர் முதல் பந்தயத்துக்கு வரியும் விதித்தார். வீடு மட்டுமன்றி அரசும் பணம் போதவில்லை என்று கிசுகிசுத்த காலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கதையில் வரும் பந்தயங்களைப் பாருங்கள். லிங்கன், அஸ்கொட், சென்ட் லெஜர், கிராண்ட் நெஷனல், கடைசியில் டேர்பி. ஆங்கிலேய மேட்டுக்குடியின் ஆண்டு நாட்காட்டியே அதுதான். சிறுவனின் மரக்குதிரைக்கு நிலையான பெயர் கிடையாது. ஒரு வாரம் அது சன்சொவினோ. அது உண்மையில் வாழ்ந்த குதிரையின் பெயர். டேர்பி பிரபுவுக்குச் சொந்தமான சன்சொவினோ, 1924இல் சேற்றில் ஓடி டேர்பியை வென்றது. பெயர் வாரந்தோறும் மாறும், மரம் மாறாது. எவ்வளவு ஆடினாலும் அக்குதிரை இருந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலமும் நகராது. நடை இருக்கிறது, பயணம் இல்லை. பேராசைக்கு இதைவிடப் பொருத்தமான குறியீட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்த வர்க்கமே அவ்வாறுதான் ஆடிக்கொண்டிருந்தது. டபிள்யூ. டி. ஸ்னொட்கிராஸ் என்ற அமெரிக்கக் கவிஞர் 1958இல் இந்த ஆட்டத்தைப் பாலுணர்வோடு பொருத்தி எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. அதை மறுப்பதற்கில்லை, ஆனால் அந்தத் திறவுகோலை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் வீட்டுக் கணக்கைப் பார்க்க மறந்துவிட்டார்கள்.

கண்களும் கல்லும் இன்னொரு சரடு. தாயின் நெஞ்சின் நடுவில் அன்பு செலுத்த முடியாத ஓர் இறுகிய இடம் இருக்கிறது. மரக்குதிரையின் கண் கண்ணாடிபோல் பளபளக்கிறது. சிறுவனின் நீலக் கண்கள் நாளடைவில் கல்லின் தன்மை அடைகின்றன. இறுதியில் அவன் படுக்கையருகே அமர்ந்திருக்கும் தாயின் இதயம் முழுவதும் கல்லாகிறது. உயிரற்றதில் உள்ள மினுக்கம் உயிருள்ளவர்களுக்குப் படிப்படியாகத் தொற்றுகிறது.

'லக்' என்றால் அதிர்ஷ்டம். 'லூக்கர்' என்றால் பணம், அதிலும் இழிவழியில் வந்த பணம். ஆங்கில விவிலியத்தின் வழியாக நிலைத்த சொல். இரண்டின் ஒலியும் நெருங்கியவை. மாமன் பேச்சில் கேட்ட சொல்லைச் சிறுவன் 'லக்' என்றே பொருள்கொள்கிறான். குழந்தையின் அந்தப் பிழையில்தான் கதையின் வேர் இருக்கிறது. தமிழில் அந்தச் சிலேடை நிற்காது. ஆனால் நம்மிடம் வேறு இரண்டு சொற்கள் உள்ளன. அதிர்ஷ்டம் என்ற வடசொல்லின் நேர்ப்பொருள் 'காணப்படாதது'. காணப்படாததைக் காண முயன்றவன் கதை இது. மற்றது செல்வம். பொருளையும் செல்வம் என்கிறோம், பிள்ளையையும் செல்வம் என்கிறோம். திருமண அழைப்பிதழில் செல்வன், செல்வி என்று அச்சிடுகிறோம். ஹெஸ்டருக்கு இரண்டு செல்வங்களும் வாய்த்தன, ஒன்றை மற்றதாக மாற்றித் தந்தவர்கள் அருகிலேயே இருந்தார்கள்.

யார் அவர்கள் என்ற கேள்விக்கு வருகிறேன்.

ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்பது எல்லோருக்கும் பொதுவான சொல். சித்தப்பாவும் மாமாவும் அதில் ஒன்றாகிவிடுவர். தமிழில் வாசிக்கும்போதுதான் ஒஸ்கார் யார் என்பது முகத்தில் அறைகிறது. அவன் தாய்மாமன். நம் மரபில் காதுகுத்துக்கு மடியில் இருத்துபவன், முதல் மொட்டைக்கு முன்நிற்பவன், தகப்பன் சரியில்லாத வீட்டில் பிள்ளைக்குத் துணையாக வரவேண்டியவன். அதே மரபு சகுனியையும் அறிந்திருக்கிறது. அவனும் தாய்மாமன்தான், மருமகனுக்காகவே பகடை உருட்டியவன்.

ஒஸ்கார் கெட்டவனாக வருவதில்லை. சிரித்துப் பேசுகிறான். மருமகனைக் காரில் ஏற்றிப் பந்தயத் திடலுக்கு அழைத்துச் செல்கிறான். ஆனால் கணக்கைப் பாருங்கள். குதிரையை அடிக்கச் சிறுவன் வைத்திருக்கும் சின்னச் சவுக்கு மாமன் கொடுத்தது. முதல் வெற்றிக்கு முதலாக இருந்த 10 ஷிலிங் மாமன் கொடுத்தது. சிறுவன் 300 பவுண் கட்டியிருக்கிறான் என்று தெரிந்ததும், எந்தப் பெரியவனும் செய்யக்கூடிய செயல் வீட்டில் சொல்வதே. மாமன் தனியிடத்துக்கு அழைத்துப் போய் விசாரித்து, உண்மையென்று கண்டதும், தானும் சேர்ந்துகொள்கிறான். சென்ட் லெஜர் பந்தயத்தில் சிறுவன் 1,000, பசெட் 500, மாமன் 200 பவுண் கட்டுகிறார்கள். ஒன்றுக்குப் பத்து. சிறுவனுக்கு 10,000 கிடைக்கிறது; மாமனுக்கு 2,000.

சிறுவன் தாய்க்கு 5,000 பவுண் கொடுக்க விரும்புகிறான். வீடு கிசுகிசுப்பதை நிறுத்த வேண்டும் என்பதே அவனது ஒரே நோக்கம். உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற பணம் என்ற பொய்யோடு, ஆண்டுக்கு 1,000 வீதம் பிறந்தநாளில் கிடைக்கும்படி குடும்ப வழக்கறிஞர் மூலம் ஏற்பாடு செய்பவனும் மாமனே. கடிதத்தைக் கண்டதும் ஹெஸ்டர் வழக்கறிஞரிடம் போய், கடன் இருக்கிறது, முழுவதையும் ஒரேயடியாகத் தர முடியுமா என்று கேட்கிறாள். பணம் வருகிறது. வீட்டுக்குப் புதுத் தளபாடம், குளிர்காலத்திலும் மலர்கள், பிள்ளைக்குத் தனி ஆசிரியர். கிசுகிசுப்பு அடங்கவில்லை; மழைக்காலத் தவளைக் கூட்டம்போல் பெருத்துவிடுகிறது. இந்த இடத்தை வாசித்துத்தான் எல்லோரும் தாய்க்குத் தண்டனை எழுதுகிறார்கள். அந்தப் பணம் தன் மகன் உயிரைக் கரைத்து ஈட்டியது என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இருவர், அவர்களில் பசெட், போரில் மாமனிடம் சேவகனாக இருந்து காலில் காயம்பட்டு, மாமனின் தயவால் வேலை பெற்றவன். மீதி ஒருவன்தான்.

கடைசி நாட்கள் இன்னும் கொடியவை. சிறுவன் மூளைக்காய்ச்சலில் நினைவின்றிக் கிடக்கிறான். வாய் ஓயாமல் ஒரு பெயரைச் சொல்கிறது. தாய், அதன் பொருளென்ன என்று கேட்கிறாள். டேர்பியில் ஓடும் குதிரை ஒன்றின் பெயர் என்று மாமன் சொல்கிறான். சொல்லிவிட்டு, தன்னையும் மீறி, அந்தக் குதிரையின்மேல் 1,000 பவுண் கட்டுகிறான். ஒன்றுக்குப் பதினான்கு. சாகக்கிடக்கும் மருமகனின் பிதற்றலைக் காசாக்கி 14,000 பவுண் பெற்றவன் அவன். சிறுவன் இறந்த பிறகு சகோதரியைப் பார்த்து, உன் கணக்கில் எண்பதாயிரத்துச் சொச்சம் வரவு, ஒரு மகன் பற்று என்ற கருத்தில் பேசுபவனும் அவனே. தன் பதினாலாயிரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. லோரன்ஸ் அந்தத் தொகையை எங்கும் கூட்டித் தரவில்லை. வாசகன் கூட்டிக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார். நூறு ஆண்டுகளாகப் பெரும்பாலானோர் கூட்டவில்லை.

லோரன்ஸ்கூடத் தாயின்மேல்தான் அதிகம் சினந்தார் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. சின்தியாவின் மூத்த மகன் ஜோன் 1911இல் பிறந்தவன். மற்றவர்களோடு ஒட்டாமல் தனக்குள்ளேயே வாழ்ந்த பிள்ளை. இன்று ஓட்டிசம் என்று சொல்வார்கள். அந்த நிலையை லியோ கானர் மருத்துவ உலகுக்கு விவரித்ததே 1943இல்தான். 1915இல் சின்தியாவுக்கு எழுதிய கடிதத்தில் லோரன்ஸ், பிள்ளையின் நிலைக்குத் தாயின் உள்ளத்துக் குறையே காரணம் என்ற தொனியில் எழுதினார். அப்பிள்ளை பின்னர் வீட்டைவிட்டு அப்புறப்படுத்தப்பட்டு, 1937இல் இறந்தான். பவுலின் முகத்தில் ஜோனின் சாயல் உண்டு என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். தாயின் குளிர்ந்த மனமே ஓட்டிசத்துக்குக் காரணம் என்ற கொள்கை பின்னாளில் மருத்துவத்திலும் சில பத்தாண்டுகள் கோலோச்சி, எத்தனையோ தாய்மாரைக் குற்றவாளிகளாக்கிய பின் தவறென்று கைவிடப்பட்டது. ஹெஸ்டருக்கு நாம் எழுதிய தீர்ப்பும் அந்தக் காலத்து மனப்பாங்கிலிருந்து வந்ததே. பாராட்ட வேண்டியது லோரன்ஸ் என்ற கலைஞரை. அவர் தாயைச் சாடினாலும், அவருடைய பேனா மாமனின் கணக்கை ஒளிக்கவில்லை.

இனி, இலங்கைத் தமிழ் வாசகர் எவரையும் நிமிர்ந்து உட்காரவைக்கும் ஒரு விடயம். சிறுவனுக்கு முதல் வெற்றியைத் தந்த குதிரையின் பெயர் 'சிங்களீஸ்'. அவன் உயிரைக் குடித்த கடைசிக் குதிரையின் பெயர் 'மலபார்'. கதை முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையில் ஓடுகிறது. மலபார் என்பது ஐரோப்பியர் நெடுங்காலம் இலங்கைத் தமிழரைக் குறிக்கப் பயன்படுத்திய பெயர். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமை, யாழ்ப்பாண மலபார்களின் சட்டம் என்றே ஆங்கிலத்தில் வழங்கியது. 1815 கண்டி ஒப்பந்தம், மலபார் இனத்தவருக்குக் கண்டி அரசில் இருந்த உரிமை அழிந்துவிட்டது என்று அறிவித்தது. அங்கே அச்சொல் நாயக்கர் மரபைக் குறித்தது. அவர்களின் உறவினர் வாழ்ந்த தெரு கண்டியில் மலபார் வீதி என்று அழைக்கப்பட்டது.

லோரன்ஸ் அந்தக் கண்டியில் வாழ்ந்தவர். 1922 மார்ச் நடுப்பகுதியில் கொழும்பில் இறங்கி, பௌத்தம் பயின்றுகொண்டிருந்த அமெரிக்க நண்பர் ஏர்ள் புருஸ்டரின் வீட்டில் ஏறக்குறைய ஆறு வாரங்கள் தங்கினார். வெக்கையும் நோயும் அவரை வாட்டின. மார்ச் 23ஆம் திகதி இரவு, வேல்ஸ் இளவரசருக்காக நடத்தப்பட்ட பெரஹராவைப் பார்த்து, யானைகளைப் பற்றி நீண்ட கவிதை எழுதினார். ஏப்ரல் இறுதியில் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். நான்கு ஆண்டுகளின் பின் அந்தக் குதிரைகளுக்கு இலங்கையை நினைத்துத்தான் பெயரிட்டார் என்று நான் வாதிடப் போவதில்லை. அக்காலத்து ஆங்கிலப் பந்தயத் திடல்களில் கீழைத்தேயப் பெயர்கள் சாதாரணம். ஆகாகானின் மும்தாஜ் மஹால் என்ற குதிரை 1923இலும் 1924இலும் எல்லோர் வாயிலும் இருந்தது. நம்மை வைத்து யாரோ எங்கோ பந்தயம் கட்டினார்கள் என்பதில் நமக்குப் புதிதாக ஒன்றுமில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆங்கிலக் குதிரைகள்மேல் நம்மவரும் கட்டுகிறார்கள். கொழும்பிலும் மலையகப் பட்டினங்களிலும் உள்ள புக்கிக் கடைகளில், நாட்கூலி பெறுபவர்கள் பென்சிலோடு நின்று, தாம் காணாத ஊரில் ஓடும் குதிரைகளின் பெயர்களைக் குறித்துக்கொடுப்பதைப் பத்திரிகைப் பணியில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கதையை இப்போது வாசிக்கும்போது குதிரைகளைவிட அந்தச் சிறுவன்தான் என்னைத் தொந்தரவு செய்கிறான். 1983க்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் இருந்து காணியை ஈடுவைத்து அனுப்பப்பட்ட மூத்த பிள்ளைகளை நம்மில் அறியாதவர் யார்? பதினேழு, பதினெட்டு வயது. பாரிஸிலும் இலண்டனிலும் உணவகச் சமையலறையில் இரவு முழுவதும் கோப்பை கழுவினார்கள். முகவருக்குக் கொடுத்த கடன், தங்கையின் சீதனம், வீட்டுக்குக் கூரை. அந்தத் தேவைகள் மெய்யானவை. போரும் உயிரச்சமும் பின்னால் நின்றன. ஹெஸ்டரின் வீட்டோடு அவற்றைச் சமன்செய்வது அநியாயம். ஆயினும் கூரை போட்ட பின் மாடி, மாடிக்குப் பின் அயலாரைவிடப் பெரிய மதில் என்று சில வீடுகளின் குரல் மாறியதையும் நாம் கேட்டிருக்கிறோம். தொலைபேசியின் மறுமுனையில் இருந்த பிள்ளை, எவ்வளவு அனுப்பினால் இது ஓயும் என்று எண்ணியிருப்பான். பவுலும் அதையேதான் எண்ணினான். பணம் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. அவன் கேட்டது அமைதி.

1949இல் அந்தனி பெலிசியே இக்கதையைத் திரைப்படமாக எடுத்தார். ஜோன் மில்ஸ் தோட்டக்காரன் பசெட்டாக நடித்துத் தயாரிப்பையும் ஏற்றார். வலரி ஹொப்சன் தாய். படத்தின் முடிவில் ஒரு காட்சியைச் சேர்த்தார்கள். தாயின் கண்முன் பசெட் மரக்குதிரையை எரிக்கிறான். பார்வையாளர் மனம் ஆறி வீட்டுக்குப் போகலாம்.

லோரன்ஸ் எதையும் எரிக்கவில்லை. மாமனின் கடைசிப் பேச்சோடு அவர் நிறுத்திவிடுகிறார். மாடியறையில் குதிரை அப்படியே நிற்கிறது. எண்பதாயிரம் பவுணும் பத்திரமாக இருக்கிறது. அந்த வீட்டில், கிசுகிசுப்பைக் கேட்கத் தெரிந்த இன்னும் இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள்.